பூச்சட்டி, பூச்சாடி, செங்கல் ஜல்லி

சிவகாசியில் பட்டாசுக் கடைக்குப் போய் ‘பூச்சட்டி’ கேட்டால் திரி வைத்த புஸ்வாணம்தான் கைக்கு வரும். செடி வைக்கும் பாத்திரத்துக்கு அந்த ஊரில் பூந்தொட்டி என்று பேர். பாக் நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணம் போனால் அதே தொட்டி ‘பூச்சாடி’ ஆகிவிடுகிறது. பேர்தான் மாறுகிறது. ஆலையும் அத்தியையும் புளியையும் ஒரு தட்டுக்குள் அடக்கிப் போன்சாயாக வளர்க்கிறவர்கள் அதில் போடும் சரக்கு இரண்டு கரையிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: உடைத்த செங்கல், ஓட்டுத் துண்டு, கல் பொடிசு, கரி. எதை எவ்வளவு போடுவது, எதற்காகப் போடுவது என்பதில்தான் இலங்கையும் இந்தியாவும் பிரிகின்றன.

இவற்றைச் சடப்பொருள் என்கிறார்கள். மட்காது, கரையாது, தண்ணீரோடும் உரத்தோடும் வம்புக்குப் போகாது, மரத்துக்குச் சோறும் போடாது. வேருக்கு நிற்க இடமும் மூச்சுவிட இடைவெளியும் தருவது மட்டுமே இவற்றின் வேலை.

தோட்ட மண்ணையே அள்ளிப் போட்டால் என்ன கெட்டுவிடும்? சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மழை பெய்தால் அது ஊதிப் பசையாகும். வெயில் அடித்தால் சுருங்கி, கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். வயலில் பருத்திக்கு அது வாழ்வு. நான்கு விரல் உயரத் தட்டில் அதே மண் ஈரத்தில் வேரை அழுக வைக்கும், காய்ச்சலில் வேரை அறுக்கும்.

தட்டு ஆழமில்லாமல் இருப்பதே பாதிச் சிக்கல். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கை வாட்டில் பிடித்தால் கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுபோகும். அதையே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி சொட்டும். உயரம் கூடினால்தான் தண்ணீர் கீழே இறங்குகிறது. போன்சாய்த் தட்டு படுத்த ஸ்பாஞ்சு. அதன் அடியில் எப்போதும் ஓர் ஈரப்படலம் தேங்கி நிற்கும். துகள் பெரிதாக இருந்தால் அந்தப் படலம் மெலியும். அடியில் மட்டும் கல்லைப் பரப்பி மேலே நைசான மண்ணைப் போடும் பழக்கம் இரண்டு நாட்டிலும் உண்டு. அதனால் வடிகால் கூடுவதில்லை. தேங்கும் ஈரம் கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஜப்பானியருக்கு இந்தத் துகளை எரிமலைகளே செய்து கொடுத்துவிட்டன. அகதாமா, கனுமா என்று அவர்கள் தோண்டி எடுத்துச் சலித்து மூட்டை கட்டுபவை எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் காலப்போக்கில் உருமாறிய மண் உருண்டைகள். தென் தமிழகத்திலும் இலங்கையிலும் அந்தக் கொடுப்பினை இல்லை. கோண்டுவானா என்ற பழங்கண்டத்தில் ஒட்டிக்கிடந்த இரண்டு நிலத்துக்கும் அடித்தளம் ஒன்றே: சார்னோக்கைட், நைஸ் போன்ற பழம்பாறைகள். உடைத்தால் கூர்மையான, தண்ணீர் குடிக்காத சில்லுதான் கிடைக்கும். ஆகவே எரிமலை செய்த வேலையை இங்கே சூளை செய்ய வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் அந்தச் சூளைச் சரக்கு கட்டட வேலை வழியாக வந்தது. மொட்டை மாடியில் சுண்ணாம்போடு கலந்து தளம் போட உடைத்த ‘செங்கல் ஜல்லி’தான் தொட்டிக்கும் போனது. சாதாரணச் செங்கல் 24 மணி நேரம் ஊறினால் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 1077 என்ற இந்தியத் தர விதி. மூன்று கிலோ செங்கல்லுக்கு அது 600 கிராம். கட்டடக்காரருக்கு அது தாண்டக் கூடாத கோடு. தொட்டிக்காரருக்கோ அந்த 600 கிராம்தான் லாபம். கருங்கல் சில்லு ஒரு சதவீதம்கூடக் குடிக்காது.

இலங்கையின் ஈரவலயத்தில் இந்தக் கதை ஓர்க்கிட், அந்தூரியம் பந்தலுக்கு அடியில் நடக்கிறது. செங்கல் துண்டு, ஓட்டுத் துண்டு, சிரட்டைக் கரி, தேங்காய்த் தும்புத்தூள் ஆகியவற்றைக் கலந்து அந்தப் பூக்களை வளர்க்கும் கை, மரத்தைத் தட்டில் ஏற்றும்போதும் அதே சாமானைத் தேடுகிறது. அங்கே கூரை ஓட்டுக்கு ‘கலிகட் ஓடு’ என்று இன்னும் பேர். 1865இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சமயச் சங்கம் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் கலிகட் எனப்பட்ட கோழிக்கோட்டுக்கும் பரவி, ஓடு கப்பலேறிய காலத்தின் மிச்சம் அந்தப் பேர். செங்கல்லைவிட ஓடு நெருக்கமான களிமண். தண்ணீர் குறைவாகக் குடிக்கும், சீக்கிரம் பொடியாகாது. நாளுக்கு இரண்டு தடவை மழை கொட்டும் ஊருக்கு அது போதும்.

மழைக் கணக்கைப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர், யாழ்ப்பாணத்தில் அதில் பாதி, விருதுநகர் மாவட்டத்தில் 800ஐ ஒட்டித்தான். தீப்பெட்டித் தொழிலைக் கற்க 1922இல் சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் திரும்பிய பிறகு, சிவகாசியில் அந்தத் தொழிலும் பின்னால் பட்டாசும் வேர்பிடித்ததற்கு இந்த வறட்சியே பெருந்துணை. மருந்து காய்வதற்கு ஏற்ற காற்று, தட்டில் நிற்கும் மரத்துக்கு எமன். சித்திரை, வைகாசியில் காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் காணாமல் போய்விடும். அதனால் இங்கே கலவையில் செங்கல்லுக்கே பெரிய பங்கு. கல் சில்லு துணைக்குத்தான். கொழும்பில் இதைத் திருப்பிப் போடலாம்: ஓடும் கல்லும் கரியும் தூக்கல், ஈரம் பிடிக்கும் தும்புத்தூள் ஒரு பிடி. யாழ்ப்பாணம் நாட்டால் இலங்கை என்றாலும் தொட்டிக் கணக்கில் விருதுநகருக்குத்தான் பங்காளி. இரண்டுக்கும் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். மற்ற மாதமெல்லாம் கிணற்றை நம்பிப் பிழைப்பு.

இன்னொரு பங்காளித்தனமும் உண்டு: சுண்ணாம்பு. யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புப் பாறையின் மேல் படுத்திருக்கிறது. அதை வெட்டித்தான் 1950இல் காங்கேசன்துறை சிமெந்து ஆலை எழுந்தது. விருதுநகரை அடுத்த ராமசாமி ராஜா நகரில் 1960களின் தொடக்கத்தில் சிமென்ட் ஆலை வந்ததற்கும் பந்தல்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்தான் காரணம். ஆலைக்கு வரமான இந்தக் கல் தொட்டிக்குள் சடமாக இருக்காது. மெல்லக் கரைந்து மண்ணின் காரத்தை ஏற்றும். இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல் போகும். இளந்தளிர் மஞ்சள் பூத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கரிசல் காட்டில் வெளிறிய உருண்டையாகக் கிடக்கும் சுக்கான்கல்லைப் பார்த்தால் அருமையான பொடிக்கல் போலத் தோன்றும். அதில் நான்கை எடுத்துக் கழுவி எலுமிச்சைச் சாறு விட்டால் போதும். கல்லைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழி விட்டு நுரைக்கும். காதருகே வைத்தால் மெல்லிய சீறல் கேட்கும். சீறுகிற கல் தொட்டிக்கு ஆகாது. விருதுநகரில் வினிகர், யாழ்ப்பாணத்தில் வினாகிரி, எதை ஊற்றினாலும் பதில் ஒன்றுதான்.

செங்கல் என்ற பேரை மட்டும் நம்பி வாங்குவதிலும் ஆபத்து உண்டு. தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செய்யும் ‘ஃபிளை ஆஷ்’ கல் சூளையில் வெந்ததல்ல. சிமென்டாலோ சுண்ணாம்பாலோ இறுகியது. உடைத்துப் போட்டால் காரம் கக்கும். இலங்கையில் உடைந்த சிமெந்துக் கல்லுக்கும் இதே குற்றச்சாட்டுதான். சிவப்பாக இருந்தாலும் அரைவேக்காட்டுச் செங்கல் உதவாது. ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் விரலால் நசுக்கினால் குழையக் கூடாது. தட்டினால் ‘ணங்’ என்று கேட்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரின் உப்பு கடைசிப் பரிசோதனை. கடின நீரை மாதக்கணக்கில் ஊற்றினால் செங்கல்லின் நுண்துளைகளில் உப்பு படிந்து, மேலே வெள்ளை பூக்கும். விருதுநகர் வெயிலில் இது வேகமாக நடக்கும். தட்டின் துளை வழியே ஓடும்படி அவ்வப்போது நிறைய ஊற்றிக் கழுவுவதும், மழைத் தண்ணீரைப் பிடித்து வைப்பதுமே வழி. துகள் பருமனாக இருந்தால்தான் அந்தக் கழுவலே நடக்கும்.

ஆற்று மணலைப் பற்றி முன்பு யாரும் யோசித்ததில்லை. வைப்பாற்றுப் பருமணலை ஒரு சாக்கு அள்ளி வந்தால் முடிந்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டு மணல் குவாரிகளை ஆறு மாதத்தில் மூட உத்தரவிட்டது. அதே ஆண்டில் மலேசிய மணல் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கியது. இலங்கையில் 1992ஆம் ஆண்டின் சுரங்க, கனிமச் சட்டப்படி புவிச்சரிதவியல் பணியகத்தின் உரிமம் இல்லாமல் மணல் அகழ முடியாது. கொழும்புப் பக்கம் கடல் மணலைக் குவித்து மழையில் உப்பு கழுவி விற்கிறார்கள். தொட்டிக்காரருக்கு இறக்குமதி மணலும் கடல் மணலும் தோதில்லை. தமிழ்நாட்டில் ஆற்று மணலின் இடத்துக்கு வந்த எம்-சாண்ட் என்ற நொறுக்கு மணலில் மாவு அதிகம். சலித்து எடுத்த பருமன் மட்டுமே பயன்படும்.

சோறு போடாத மண்ணில் நிற்கும் மரத்துக்குத் தனியாகப் பரிமாற வேண்டும். எண்ணெய் ஆலைகளுக்குப் பேர்போன விருதுநகரில் கடலைப் புண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. ஊறவைத்துத் தெளிந்த நீரைப் பல மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுவார்கள். இலங்கையில் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து நவம்பரில் விலக்கப்பட்டது. முழுக்கச் சடப்பொருளை நம்பும் கலவை எவ்வளவு தூரம் வெளியிலிருந்து வரும் உரத்தை நம்பியிருக்கிறது என்பது அப்படிப்பட்ட நாட்களில்தான் உறைக்கும்.

எல்லாவற்றையும் முடித்துவைப்பது சல்லடை. யாழ்ப்பாணத்தார் வாயில் அரிதட்டு. சிவகாசி இதை நன்றாக அறிந்த ஊர். பட்டாசு மருந்தைச் சலிக்கும்போது கீழே விழும் மாவுதான் சரக்கு. மேலே தங்கும் கல்லும் மணலும் எதிரி. ஒரு பொடிக்கல் கலவையில் உரசினாலே தீப்பிடிக்கக் கூடும். போன்சாய்க்காரர் அதே சல்லடையைப் பிடித்து நேர் எதிராக வேலை செய்கிறார். கால் அங்குல வலையில் தங்கும் துண்டு மறுபடி சுத்தியலுக்குப் போகும். அதில் விழுந்ததைக் கொசுவலைக் கம்பியில் போட்டு ஆட்டினால் மேலே தங்கும் சிவப்பு மணிகள் தொட்டிக்கு. கீழே படியும் மாவு தொட்டிக்கு எதிரி. மாடியில் ஒரு மணி நேரம் சலித்தால் பாதிக்குப் பாதி தூளாகவே போவது உண்டு. அந்தச் செங்கல் தூளை வீட்டில் யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. புளியோடு சேர்த்துக் குத்துவிளக்கைத் தேய்ப்பதற்கென்று ஒரு பழைய டப்பாவில் அள்ளி வைத்துவிடுகிறார்கள்.