சிவகாசியிலிருந்து உலைச் சிகரத்துக்கு

காற்று சட்டெனத் திசை மாறியது. ஒரே நொடிதான். தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில் எங்கள் தெரு மணக்குமே, அதே வாசம்! கந்தகம் எரிந்தால் கிளம்பும் அதே வாயு. கந்தக பூமியில் பிறந்தவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நான் நின்றது இந்தியப் பெருங்கடலின் நடுவே, ரீயூனியன் தீவில், சுமார் 2,600 மீட்டர் உயரத்தில், உயிருள்ள ஓர் எரிமலையின் வாயருகே. கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு காலையை என் வாழ்நாளில் நான் பார்த்ததே இல்லை.

மலையின் பெயர் பித்தோன் த லா ஃபுர்னேஸ். உலைச் சிகரம் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டிலிருந்து 150 முறைக்கு மேல் பொங்கியிருக்கிறது. இந்தியாவில் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அந்தமானின் பாரன் தீவில் இருக்கிறது. அதைக் கடலில் படகிலிருந்து பார்க்கலாம், இறங்கி ஏற முடியாது. ரீயூனியனில் ஏறலாம். இன்னொரு ஈர்ப்பும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறிப் போன தமிழர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். பேச்சு கிரியோலாகவும் பிரெஞ்சாகவும் மாறிவிட்டது. தீமிதி மட்டும் விட்டுப்போகவில்லை. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரில் தீச்சட்டி ஏந்திவரும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு வேறென்ன வேண்டும்?

“ஏய்யா, நெருப்பப் பாக்க அம்புட்டுத் தூரம் போகணுமா?” என்றார் அம்மா. அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “கூட்டிட்டுப் போற ஆளு கண்டிப்பான ஆளா?”

அப்பா பட்டாசு ஆலையில் 30 வருடம் போர்மேனாக இருந்தவர். ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மருந்து கலக்கக் கூடாது. இவையெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரப் பேச்சு. விதி மீறப்பட்ட ஒரு நிமிடத்துக்கு, ஒரு தவறும் செய்யாத எத்தனை குடும்பங்கள் எங்கள் பக்கம் விலை கொடுத்திருக்கின்றன! அதனால் அப்பாவின் கேள்வியையே என் பயணத்திட்டத்தின் முதல் வரியாக எழுதிக்கொண்டேன்.

மூன்று வழிகாட்டிகளுக்குக் கடிதம் எழுதினேன். “நான் வரும் நாளில் மலைக்கதவு மூடியிருந்தால்?” என்பதுதான் கேள்வி. எரிமலை குமுறத் தொடங்கினால் அரசே அந்தக் கதவைப் பூட்டிவிடும். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் வேறு வழி இருக்கிறது என்றார். மூன்றாமவர், “மூடியிருந்தால் போகமாட்டோம். வானிலை கெட்டாலும் போகமாட்டோம். இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொண்டு வாருங்கள்” என்று எழுதினார். அவரையே பிடித்துக்கொண்டேன்.

மே முதல் நவம்பர் வரை அங்கே மழை குறைவு, ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்தேன். ஐரோப்பாவுக்கான சாதாரண ஷெங்கன் விசா ரீயூனியனுக்குச் செல்லாது. அந்தத் தீவுக்கென்றே தனி விசா எடுத்தேன். காலைப் பழக்க சதுரகிரியை விடச் சிறந்த பள்ளிக்கூடம் உண்டா? தாணிப்பாறையிலிருந்து சுந்தரமகாலிங்கம் சந்நிதி வரை இரண்டு முறை ஏறி இறங்கினேன். கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் ஷூ, கம்பளி, மழைக்கோட்டு, கையுறை, மூன்று லிட்டர் தண்ணீர். எரிமலைக் குழிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது.

முதல் நாள் மேகம் கவிந்து கிடந்தது. “இன்று வேண்டாம்” என்றார் வழிகாட்டி. அன்று பூர்க்-முரா ஊரிலுள்ள எரிமலை அருங்காட்சியகத்தைக் காட்டினார். 1979இல் தொடங்கிய எரிமலை ஆய்வகமும் அந்த ஊரில்தான் இருக்கிறது. நிலத்தின் நடுக்கத்தையும் வீக்கத்தையும் வாயுவையும் இரவு பகலாக அளந்து, மலை பொங்கப் போவதை முன்கூட்டியே சொல்கிறார்கள். நெருப்புக்கு நாடி பார்க்கும் மருத்துவர்கள்!

மறுநாள் இருட்டிலேயே கிளம்பி, 2,311 மீட்டர் உயரத்திலுள்ள பா த பெல்கோம்ப் விளிம்புக்குப் போனோம். அங்கிருந்து செங்குத்துப் பாறைச் சுவரில் 500க்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்குகின்றன. இறங்கியதும் வேறு உலகம். 1753இல் பிறந்த ஃபோர்மிகா லேயோ என்ற சின்னக் கூம்பு, பழுத்த செம்மண் நிறத்தில் நிற்கிறது. கல்லிலுள்ள இரும்பு வெந்து துருவேறிய சிவப்பு அது. அதைத் தாண்டினால் எங்கும் கருங்குழம்பு உறைந்த கடல். ஓரிடத்தில் கயிறு திரித்ததுபோல், ஓரிடத்தில் பாகு வழிந்ததுபோல், ஓரிடத்தில் உடைத்த கண்ணாடிபோல். பாறையில் தீட்டிய வெள்ளைப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். பனிமூட்டம் வந்தால் அந்தப் புள்ளிதான் உயிர்.

பிறகு உச்சி. தோலோமியூ பள்ளம்! குறுக்களவு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். 2007 ஏப்ரலில் மலையின் விலாவிலிருந்து குழம்பு கொட்டக் கொட்ட, தாங்க ஆளில்லாத கூரைபோல் உச்சியின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளே அமிழ்ந்துவிட்டது. அடுக்கடுக்கான சுவர், ஆங்காங்கே வெள்ளாவி. இன்னும் இரண்டடி எடுத்து வைத்தேன். வழிகாட்டி என் தோளைத் தொட்டு, காலடியில் ஓடிய விரிசலைக் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவே பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. அப்போதுதான் அந்த வாசம் வந்தது.

போக வர ஏறக்குறைய 12 கிலோமீட்டர். கால் வலியெல்லாம் இரண்டே நாளில் போய்விட்டது. பரவசம் இன்னும் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். முதல் நாள் மலையேறவிடாமல் நிறுத்திய கதையைத்தான் அப்பா இரண்டாம் முறை கேட்டார். “நல்ல போர்மேன்” என்றார்.

நெருப்போடு புழங்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாழ்நாளில் ஒருமுறை அந்த மலையைப் பார்த்துவிட வேண்டும். காசு சேர்த்துப் போங்கள். “இன்று வேண்டாம்” என்று சொல்லத் தெரிந்த வழிகாட்டியைத் தேடிப் பிடியுங்கள். அவர் சொல்லுக்குக் கட்டுப்பட, இரண்டு நாளை மறக்காமல் உபரியாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.