காதோர முடியும் கடலோர வானமும்

சிறு நகரத்து ஸ்டுடியோக்களில் இன்றைக்கும் நடக்கிற நுட்பமான வேலை எது என்று கேட்டால், கல்யாண ஆல்பத்தைச் சொல்ல மாட்டேன். ஜோடிப் படத்தைச் சொல்வேன். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் பல வீடுகளில் இருக்காது. அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் படம், வங்கிப் புத்தகத்திலிருந்து பிய்த்து எடுத்ததாக வரும். தோளில் ரப்பர் முத்திரையின் கால்வாசி வட்டம் விழுந்திருக்கும். அம்மாவோ யார் வீட்டுக் கல்யாணத்து குரூப் போட்டோவிலோ பின்வரிசையில், பாதி முகத்தில் வெயிலோடு நிற்பார். இந்த இருவரையும் அருகருகே உட்கார வைத்து, சுவரில் மாட்டிச் சந்தன மாலை போடும்படியாக ஒரு படம் வேண்டும். இரண்டு புகைப்படங்களை லேயர்களாக அடுக்கி ஒன்றாக்கும் கலையில் எனக்கு ருசி ஏற்பட்டது இத்தகைய படங்களைப் பார்த்துத்தான்.

வேலை எப்படி என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்த்துப் பயனில்லை. காதோர முடியைப் பார்க்க வேண்டும். அடுத்தது, தாடைக்குக் கீழே கழுத்தில் விழும் நிழல். அரைகுறை ஆள் செய்த படத்தில் தலை வழவழவென்று வளைந்து முடிந்துவிடும். பறக்கிற நாலு முடியும் போயிருக்கும். இன்னும் மோசமானதில் முடி இருக்கும், ஆனால் பழைய பந்தல் துணியின் சிவப்பு அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீலப் பின்னணியில் அம்மா தலையைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு. பார்க்கிறவர்களுக்கு என்னவென்று சொல்லத் தெரியாது. ஏதோ மாதிரி இருக்கு என்பார்கள்.

வெளிச்சம் அதைவிடப் பெரிய சிக்கல். அப்பாவுக்கு இடப்பக்கம் வெளிச்சம், அம்மாவுக்கு வலப்பக்கம் வெயில். சுலபமான வழி, அம்மாவை அப்படியே இடம் வலமாகத் திருப்பிப் போடுவது. ஒரே சொடுக்கில் வெயில் சரியான பக்கத்துக்கு வந்துவிடும். கூடவே மாராப்பு வலது தோளுக்குப் போய்விடும், மூக்குத்தி பக்கம் மாறிவிடும், கன்னத்து மச்சமும் இடம் பெயர்ந்துவிடும். அப்பாவைத் திருப்பினால் சட்டைப் பை வலது மார்பில் உட்காரும். கைதேர்ந்த டிசைனர் யாரையும் திருப்ப மாட்டார். அதற்குப் பதில் அவர் என்ன செய்வார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் மாஸ்க். லேயர் என்பது படத்தின் மேல் வைத்த கண்ணாடித் தாள் போல என்று வைத்துக்கொண்டால், அந்தத் தாளில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று முடிவு செய்வது மாஸ்க். வெள்ளை பூசிய இடம் தெரியும். கறுப்பு பூசிய இடம் மறையும். எதையும் அழிப்பதில்லை. கறுப்பு பூசியது தப்பாகப் போனால் வெள்ளையைப் பூசி மீட்டுக்கொள்ளலாம். கற்றுக்கொள்கிறவர்கள் இந்த இரண்டோடு நின்றுவிடுவார்கள். கலை இருப்பது நடுவில் உள்ள சாம்பலில். மேல் படம் பாதி, கீழ்ப் படம் பாதி என்று இரண்டும் கலந்து தெரிகிற அந்தப் பட்டை எவ்வளவு அகலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான் ஒருவர் கை தெரியும்.

போட்டோஷாப்புக்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னாலேயே இந்த ஓரத்தோடு மல்லுக்கட்டியவர்கள் இருந்தார்கள். பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே 1850களின் பிற்பாதியில் கடலைப் படமெடுத்தார். அன்றைய ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு அளவுக்கு மீறித் துடிக்கும். கடலும் பாறையும் சரியாகப் பதிகிற நேரத்துக்குள் வானம் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். லெ கிரே கடலுக்கு ஒரு நெகடிவ், மேகத்துக்கு ஒரு நெகடிவ் என்று தனித்தனியாக எடுத்தார். சில சமயம் வேறு நாளில், வேறு ஊரில் எடுத்த மேகம். வானப் பகுதியை மூடிக் கடலைத் தாளில் அச்சிட்டு, பிறகு கடலை மூடி வானத்தை அச்சிட்டார். செத் நகரக் கரையில் 1857இல் எடுத்த ‘பெரும் அலை’ படம் அப்படி உருவானதுதான். இதில் நான் ரசிப்பது அவர் ஒட்டை ஒளித்த இடத்தை. கடலும் வானமும் சந்திக்கும் கோடு இயற்கையே போட்டு வைத்த விளிம்பு. தைத்த தையலை அதன்மேல் வைத்துவிட்டால் யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

அதே வருஷம் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை இணைத்து ‘வாழ்வின் இரு வழிகள்’ என்ற படத்தைச் செய்தார். விக்டோரியா மகாராணியே ஒரு பிரதி வாங்கினார். உழைப்புக்குக் கும்பிடு போடலாம். எனக்கு அது நாடகக் கொட்டகையின் கடைசிக் காட்சியாகத்தான் தெரிகிறது. லெ கிரேயின் இரண்டு நெகடிவ் போதும்.

இருக்கிற விளிம்பில் ஒட்டை ஒளிக்கும் இந்த உத்தி நம் சினிமாக்காரர்களுக்கும் கைவந்தது. இரட்டை வேடக் காட்சிக்குக் கேமராவின் ஒரு பாதியை மூடி, நடிகரை ஒரு வேடத்தில் எடுப்பார்கள். ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மூடி, அடுத்த வேடத்தில் எடுப்பார்கள். மாஸ்க் ஷாட் என்றே அதற்குப் பெயர். பி.யு.சின்னப்பா 1940இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் இரட்டை வேடம் கட்டிய காலம் தொட்டுப் பல தலைமுறைக்கு இதுதான் பிழைப்பு. கேமரா அசையக் கூடாது. ஒரு வேடம் இன்னொரு வேடத்தின் பாதிக்குள் கையை நீட்டக் கூடாது. பழைய படங்களில் இரட்டையர் நடுவே ஒரு தூணோ கதவு நிலையோ வந்து நின்றால், கொஞ்சம் சந்தேகப்பட்டே பாருங்கள்.

ஜெரி யூல்ஸ்மன் இதற்கு நேர் எதிர். ஃப்ளோரிடாவில் வாழ்ந்து 2022இல் மறைந்த அமெரிக்கப் புகைப்படக்காரர். இருட்டறையில் பல என்லார்ஜர்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நெகடிவைப் பொருத்தி, ஒரே தாளை ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோவார். ஒரு வீடு கீழே வரவர மரத்தின் அடித்தண்டாகி, வேர்விட்டு நிற்கிற படம் ஒன்று அவருடையது. சுவர் எங்கே முடிந்து மரப்பட்டை எங்கே தொடங்கியது என்று விரல் வைக்க முடியாது. அங்கே ஒளிந்துகொள்ள அடிவானமும் இல்லை, தூணும் இல்லை. வெளிச்சத்தை அட்டையால் மறைத்து, அந்த அட்டையை அசைத்தபடியே இருந்தால் நிழலின் ஓரம் மங்கி விழும். நாம் இன்று மாஸ்க்கில் மெத்தென்ற பிரஷால் பூசுகிற சாம்பல் அதுதான். ஒரு நொடி தப்பினால் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவருடன் வாழ்ந்த மேகி டெய்லர் பழைய தகரப் புகைப்படங்களை ஸ்கேன் செய்து போட்டோஷாப்பில் கனவுலகங்களைக் கட்டினார். யூல்ஸ்மன் மட்டும் இருட்டறையை விட்டு வெளியே வரவில்லை.

போட்டோஷாப்பும் முதலில் இப்படிக் கறாராகத்தான் இருந்தது. 1990இல் வந்த முதல் பதிப்பில் லேயர் கிடையாது. ஒட்டிய துண்டைத் தேர்விலிருந்து விடுவித்தால் அடியில் உள்ள படத்தோடு கலந்துபோகும், பிரிக்க முடியாது. 1994இல் மூன்றாம் பதிப்பில் லேயர் வந்த பிறகுதான் மனம் மாறுகிற உரிமை கிடைத்தது.

சாம்பல் பட்டை எவ்வளவு அகலம் இருக்கலாம் என்ற கேள்விக்கு நான் கண்ட மிக அழகான விடை, ஓவியரோ புகைப்படக்காரரோ சொன்னதல்ல. பீட்டர் பர்ட், எட்வர்ட் ஏடல்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1983இல் ஒரு பாதி ஆப்பிளையும் ஒரு பாதி ஆரஞ்சையும் ஒரே பழமாக இணைத்துக் காட்டினார்கள். பட்டை குறுகலாக இருந்தால் நடுவே கோடு தெரியும். அகலமாக இருந்தால் ஆரஞ்சுத் தோலின் புள்ளிகள் ஆப்பிள் மேல் ஆவியாகப் படரும். அவர்கள் படத்தைப் பல அடுக்காகப் பிரித்தார்கள். நிறம், வெளிச்சம் போன்ற பரந்த மாற்றங்களுக்கு அகலமான கலப்பு. தோலின் சொரசொரப்பு போன்ற நுணுக்கங்களுக்குக் குறுகிய கலப்பு. கோடும் இல்லை, ஆவியும் இல்லை.

அவர்களுடைய ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்தே இராத ஸ்டுடியோ டிசைனர் இதைக் கையால் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கன்னத்தின் வெளிச்சம் பின்னணியின் வெளிச்சத்தோடு சேர, பெரிய பிரஷ், குறைந்த ஒபாசிட்டி, தடவித் தடவி. முடிக்கு வந்ததும் படத்தைப் பெரிதாக்கி, பிரஷை இரண்டு பிக்ஸலுக்குச் சுருக்கி, இழை இழையாக இழுப்பார். இப்போது ஒரே பொத்தானில் மென்பொருளே முடியைப் பிரித்துத் தருகிறது. அதில் எனக்குப் புகார் இல்லை. மிஞ்சிய நேரத்தைக் கழுத்து நிழலுக்குச் செலவிட்டால் சரி.

அந்த நிழலுக்கு மல்டிப்ளை என்ற கலப்பு முறை. மேல் லேயரின் வெளிச்ச அளவையும் கீழ் லேயரின் வெளிச்ச அளவையும் பெருக்கி 255ஆல் வகுக்கிற கணக்கு. வெள்ளை 255 என்பதால் அது பட்ட இடம் மாறாது. 128 மேல் 128 விழுந்தால் 64 ஆகும். ஆகையால் நிழலுக்குள்ளும் தோலின் சுருக்கம் உயிரோடு இருக்கும். கறுப்பை வெறுமனே பூசினால் அது கரி.

திருப்பிப் போடாமல் வெயிலை மாற்றும் வித்தைக்கு வருகிறேன். மேலே நடுச்சாம்பல் நிறத்தில் ஒரு லேயர் போட்டு, அதை சாஃப்ட் லைட் முறைக்கு மாற்றுவார். அந்த முறையில் நடுச்சாம்பல் கண்ணுக்குத் தெரியாது. வெயில் தேவையான கன்னத்தில் அதன்மேல் மெல்ல வெள்ளை, அடங்க வேண்டிய கன்னத்தில் மெல்லக் கறுப்பு. மூக்குத்தி இருந்த பக்கத்திலேயே இருக்கும். வெயில் மட்டும் இடம் மாறும். கடைசியாக இருவர் மேலும் சேர்த்து ஒரே பொடிப்புள்ளி லேயர். ஒருவர் பழைய ஃபிலிமிலிருந்தும் ஒருவர் செல்போனிலிருந்தும் வந்தவர்கள் என்பது அதில் அடங்கிப்போகும்.

வேலை முடிந்ததும் எல்லா லேயரையும் ஒன்றாக்கி வெறும் ஜேபெக் மட்டும் வைத்துக்கொள்கிற கடைகள் உண்டு. நல்ல கடைக்காரர் பி.எஸ்.டி. கோப்பை லேயர்களோடு வைத்திருப்பார். பிரேம் போட்டு வாங்கிப் போனவர் மறுநாளே திரும்பி வருவார் என்று அவருக்குத் தெரியும்.

“தம்பி, படம் நல்லாதான் இருக்கு. அப்பா கடைசி வரைக்கும் கலர் சட்டையே போட்டதில்ல. வெள்ளையா மாத்திக் குடுப்பீங்களா?”

“உக்காருங்கண்ணே, ரெண்டு நிமிஷம்.”