நினைவும் விசாரமும்: 'நான் யார்?' பெயர்ப்பில் ஒரு சொற்பொருட் சிக்கல்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத் தோட்ட வேலைக்கு ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறிச் செல்லும் தமிழருக்கு 'விசாரித்தான்' என்பது 'கேட்டறிந்தான்' எனப் பொருள்படும். 'விசாரம்' கவலையையும் குறிக்கும். எல்லைக்கு அப்பால் மலையாளம் பேசுவோருக்கு 'விசாரிச்சு' என்பது 'நினைத்தான்' என்பதாகும். வடசொல் ஒன்றே, தமிழில் அது பிறரை நோக்கிய வினவலாகவும், மலையாளத்தில் தன்னுள் நிகழும் எண்ணமாகவும் வழங்குகிறது.

சிவப்பிரகாசம் பிள்ளை 1901–02இல் எழுப்பிய வினாக்களுக்கு இரமணர் அளித்த விடைகளிலிருந்து உருவாகி, 1923இல் அச்சேறிய 'நான் யார்?' என்னும் சிறு நூலைப் பெயர்ப்பார்க்கு இவ்வேறுபாடு புறக்கணிக்கத் தக்கதன்று. மனத்தின் இயல்பு நினைவே. நினைவுக்கு வேறாக உலகம் இல்லை. நினைவை ஒடுக்கும் வழி விசாரணை என்பது அந்நூலின் கொள்கை. 'ஆத்மவிசாரம்' என்ற தொடரை வேதாந்தப் பயிற்சியுடைய மலையாளி பிழையின்றி உணர்வார். பொது வாசகரோ 'தன்னைப் பற்றிய எண்ணம்' எனக் கொள்ளக்கூடும். அவ்வாறாயின், எண்ணத்தை ஒடுக்கச் சொல்லும் நூல் மற்றுமோர் எண்ணத்தைப் பரிந்துரைப்பதாக முடியும். 'அன்வேஷணம்' இவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்கும்.

மூலமொழியார்க்கு இத்தகைய சிக்கல் இல்லை என்ற கருத்தும் ஆய்வுக்குரியது. தமிழில் 'நினைவு' எண்ணம், ஞாபகம், தன்னுணர்வு என்னும் மூன்றையும் தாங்கும். 'நினைவு தப்பியது' என்பதில் மூன்றாவது பொருளே உள்ளது. நூலின் வாதமோ நினைவையும் உணர்வையும் பிரிப்பதிலேயே நிற்கிறது: உறக்கத்தில் நினைவு இல்லை, உலகத் தோற்றமும் இல்லை, நினைவு அடங்கிய பின்னும் எஞ்சுவது அறிவு. இவ்விடத்தில் தமிழ்ச் சொல்லின் பல்பொருண்மை வாதத்துக்குத் துணையாகாது தடையே ஆகிறது. 'அறிவு' என்பதும் இக்கால வாசகருக்குக் கல்வியையும் கூர்மையையுமே முதலில் உணர்த்தும். எண்ணத்துக்குச் 'சிந்த', ஞாபகத்துக்கு 'ஓர்ம்ம', உணர்வுக்குப் 'போதம்' என வேறுபடுத்தும் மலையாளம், இப்பிரிவை மூலத்தினும் தெளிவாகக் காட்ட வல்லது.

எனினும், சொற்பாகுபாடு மெய்யியல் முடிபுக்குச் சான்றாகாது. உறக்கத்தில் உலகம் தோன்றாமையால் உலகமே இல்லை என்பது பெறப்படுமா என்பதை அகராதி தீர்க்காது, தருக்கமே தீர்க்கும். வாதத்தின் உறுப்புகளை ஒன்றோடொன்று மயங்காமல் வாசகர் முன் வைப்பதே பெயர்ப்பாளர் கடன். அதற்குச் சொல்லொப்புமையினும் வழக்கறிவே துணை செய்யும். இந்நூலின் தமிழ்ப் பதிப்புகளுக்கும் சொற்குறிப்பு வேண்டும் என்பது இதனாற் புலனாகும்.