யூயூசிபி அஞ்சல்: பாதையை மாற்றும் உரிமை யாருக்கு?

யூயூசிபி என்பது ஒரு யூனிக்ஸ் கணினி இன்னொன்றை மோடம் வழியாகவோ நேரடி சீரியல் கம்பி வழியாகவோ அழைத்து, கோப்புகளையும் அஞ்சல்களையும் மாற்றிக்கொள்ள உதவிய மென்பொருள். பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதியது. 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு பரவியது.

இதன் இணைப்புக் கோப்பைப் பார்த்துப் பலர் மிரள்வார்கள். உண்மையில் அது எளியது. அண்டைக் கணினி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: பெயர், அழைக்கலாகும் நேரம், கருவி, வேகம், தொலைபேசி எண், பிறகு உள்நுழையும் உரையாடல். 'லாகின்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் எதிர்பார்க்கும்படி எழுதுவது வழக்கம். அந்த எழுத்து பெரியதாகவும் வரலாம், சிறியதாகவும் வரலாம், கம்பி இரைச்சலில் தொலைந்தும் போகலாம். அனுபவம் எழுதவைத்த வரி அது.

சிக்கல் வழிப்படுத்தலில்தான். ஒரு கணினிக்கு அதன் அண்டை வீடுகள் மட்டுமே தெரியும். ஆகவே கடிதம் எழுதுபவரே முழுப் பாதையையும் ஆச்சரியக்குறியிட்டு எழுதவேண்டும்: அ!ஆ!இ!குமரன். குமரனுக்கு நிலையான முகவரி கிடையாது. அனுப்பும் இடத்துக்கேற்ப அது மாறும். பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு வழி சொல்வதுபோல, பலரும் அறிந்த ஒரு பெரிய கணினியிலிருந்து தொடங்கும் பாதையைத்தான் மக்கள் கொடுத்தார்கள்.

இந்தச் சுமையைக் குறைத்தது ஸ்டீவன் பெல்லோவினும் பீட்டர் ஹனிமேனும் உருவாக்கிய பாத்அலையஸ். யூஸ்நெட்டில் வெளியான இணைப்பு வரைபடங்களைப் படித்து, செலவு குறைந்த பாதையை அது கணக்கிட்டது. தேவைப்படும்போது அழைக்கும் இணைப்புக்கு 300, மணிக்கொருமுறை என்றால் 500, நாளுக்கொருமுறை 5000, வாரத்துக்கு 30000. நாள் இணைப்பு மணி இணைப்பைவிட 24 மடங்கு இல்லை, 10 மடங்குதான். ஒவ்வொரு தாவலிலும் தாமதமும் இடரும் உண்டு என்பதால், தாவல்களைக் கூட்டுவது மலிவாகத் தெரியக்கூடாது என்ற எண்ணம் இதில் இருக்கிறது. மாணவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. இந்த எண்கள் அளந்து பெறப்பட்டவை அல்ல. ஆனாலும் நல்ல தீர்ப்புகள்.

கெட்டது எங்கே என்றால், இடையிலுள்ள சில கணினிகள் இதே கருவியால் பிறர் எழுதிய பாதையையும் திருத்தத் தொடங்கியபோது. கணினிப் பெயர்கள் குறுகியவை. ஒரே பெயரில் இரண்டு இருப்பது அரிதல்ல. குறிப்பிட்ட அண்டை வழியாகப் போகச்சொன்ன கடிதம் அதே பெயருள்ள வேறொரு கணினிக்குப் போய்ச் சேரும். செத்துப்போன இணைப்பைத் தவிர்க்க அனுப்புநர் சுற்றுவழி எழுதியிருப்பார். பழைய வரைபடத்தை நம்பிய இடைக்கணினி அதைத் திரும்பவும் அங்கேயே தள்ளிவிடும்.

திருத்தியவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பழைய பதில் கடிதத்தின் தலைப்பிலிருந்து எடுத்த பாதை தேவையில்லாமல் நீண்டிருக்கும்; தொலைபேசிக் கட்டணமோ இடைக்கணினியின் தலையில் விழும். ஆனால் கட்டணம் கட்டுபவருக்கு மறுக்கும் உரிமைதான் வரும், மாற்றும் உரிமை வராது என்பதே என் கருத்து. பெயரை மட்டும் எழுதினால் வழி தேடிக்கொடுக்கட்டும். முழுப் பாதை எழுதியிருந்தால் அதன்படி அனுப்பவேண்டும், அல்லது காரணம் சொல்லித் திருப்பவேண்டும்.

அ!குமரன்@ஆ போன்ற கலப்பு முகவரிகளிலும் இதே குழப்பம். சில கணினிகள் ஆச்சரியக்குறியை முதலில் படித்தன, சில @ குறியை. 1986இல் மார்க் ஹார்ட்டன் எழுதிய ஆர்எஃப்சி 976 இதற்கு விதி வகுத்தது: @ முதலில். அங்கே விதியாவது வந்தது; பாதையைத் திருத்துவது அந்தந்தக் கணினி நிர்வாகியின் விருப்பமாகவே இருந்துவிட்டது.