தைத்து மூடிய கொலை

ரத்தம் தெறிக்காமல், வாசகரின் தூக்கத்தைக் கெடுக்காமல் எழுதப்படும் துப்பறியும் நாவலுக்கு அமெரிக்காவில் 'கோஸி மிஸ்டரி' என்று பெயர். இதமான கொலைக்கதை. எர்லீன் ஃபௌலரின் 'ஃபூல்ஸ் பஸில்' (1994) அந்த வகை. கலிபோர்னியாவில் ஒரு கற்பனைச் சிறுநகரம். நாட்டார் கலை அருங்காட்சியகம். துண்டுத்துணிகளை ஒட்டித் தைத்து 'க்வில்ட்' போர்வை செய்யும் பெண்கள். அங்கே ஒரு கொலை விழுகிறது. பென்னி ஹார்ப்பர் என்கிற இளம் விதவை துப்பறிகிறாள்.

ஃபௌலருக்கு எழுத்து வருகிறது. பெண்கள் கூடித் தைக்கிற இடத்தில் ஊர் ரகசியமெல்லாம் புழங்கும், ஆம்பளைங்க காதுக்கு அது வெறும் வம்பாகத்தான் விழும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. விதவையை மூலையில் உட்கார்த்தாமல் கதையை நடத்தவிட்டதும் சும்மா இல்லை. எனக்குச் சிக்கல் வேறிடத்தில். பென்னி போலீஸ் தலைவர் கேப் ஒர்ட்டிஸோடு மல்லுக்கு நிற்கிறாள். பின்னால் வரும் நாவல்களில் அவரையே கல்யாணமும் பண்ணிக்கொள்கிறாள்.

திண்டிவனம் பக்கம் காலனியில் எங்க அக்கா பழஞ்சேலைகளை மடித்து அடுக்கிப் போர்வை தைத்துக்கொண்டிருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். "போலீசு யாரையும் அடிக்கவே இல்லியா? அப்புறம் கேசு எப்பிடிடா முடிஞ்சிது?" என்றாள்.

இந்தப் பிரதி 'யார் செய்தது?' என்ற கேள்வியில் நிற்கிறது. எல்லோர்மீதும் சமமாகச் சந்தேகம் விழும் ஊரில்தான் அந்தக் கேள்வி செல்லும். நம்ம பக்கம் களவு போனால் விடை முதலில் வந்துவிடும், விசாரணை அப்புறம். 2011 நவம்பரில் திருக்கோவிலூர்ப் பக்கம் (அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம்) திருட்டு வழக்கென்று இருளர் ஆண்களைப் பிடித்துப் போனார்கள். அந்த இரவில் போலீஸ்காரர்கள் தங்களை வல்லுறவு செய்ததாக அவர்கள் வீட்டுப் பெண்கள் நால்வர் புகார் கொடுத்தார்கள்.

கோஸிக்கு ஒற்றைக் குற்றவாளி வேண்டும். அவன் பிடிபட்டதும் ஊர் சுத்தமாகிவிடும். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்களே, அதை இந்த வடிவத்துக்குள் எப்படி அடைப்பது? அதற்குக் 'கலவரம்' என்று பெயர் வைத்தாயிற்று. அந்தச் சொல்லுக்குள் செத்தவர் கணக்கு உண்டு, கொன்றவர் கிடையாது.

போர்வைக்கும் இப்படியொரு வரலாறு உண்டு. ஃபௌலரின் அருங்காட்சியகத்தில் அது தென்படவில்லை. அலபாமாவின் ஜீஸ் பெண்டில், அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலையுடுப்புகளைப் போர்வையாகத் தைத்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் கேம்டனில்தான் வாக்காளர் பதிவு. 1962இல் படகு நிறுத்தப்பட்டது. திரும்ப ஓடியது 2006இல், 44 வருஷம். இதற்கிடையே 1966இல் அந்த வட்டாரப் பெண்கள் 'ஃப்ரீடம் க்வில்டிங் பீ' கூட்டுறவைத் தொடங்கினார்கள். ஓட்டுரிமை கேட்டதற்காக வேலையும் வீடும் பறிபோனவர்கள் மத்தியில் அந்த ஊசி சம்பாதித்துக் கொடுத்தது. 2002இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் ஜீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் மாட்டியது. படகை நிறுத்தியவர்களைப் பற்றி அந்த ஊரில் யாருக்கும் மர்மம் இருந்ததில்லை.

தமிழில் இந்த வகையை எழுத நினைக்கும் தோழர்கள் தாராளமாக எழுதட்டும், தைக்கிற பெண்களை வைத்தே எழுதட்டும். முதல் அத்தியாயத்தில் பிணம் வேண்டாம். ராத்திரியில் இருளர் குடிசை வாசலில் ஜீப் வந்து நிற்கட்டும். புகார் கொடுத்தது யார், பேரை எழுதச் சொன்னது யார், வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கியது யார் என்று அந்தப் பெண்கள் அங்கேயிருந்து துப்பறியட்டும்.