நடுவுநிலைக்கு வேலி எது?

மலேசியாவில் கொலை முதலான பெருங்குற்ற வழக்குகளை எழுவர் அடங்கிய ஜூரியின் துணையோடு விசாரிக்கும் முறை 1995ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பினாங்குத் தீவுக்கு அம்முறையோடு நெடுநாள் உறவு உண்டு. 1807ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் அமைக்கப்பெற்று, 1808இல் இங்கே திறக்கப்பட்ட நீதிமன்றத்தோடு ஆங்கிலச் சட்டம் வந்தது. அதன் வழியே ஜூரியும் வந்தது. மலாய் மாநிலங்களில் அசெசர்கள் நீதிபதிக்குத் துணையாக அமர்ந்த காலத்திலும், பினாங்கிலும் மலாக்காவிலும் ஜூரரே குற்றவாளியா அல்லரா என்று கூறினர்.

அம்முறை போயிற்றே என்று வருந்துவோரும் உளர். போனது நன்று என்போரும் உளர். நன்று என்போர் கூறும் காரணங்களுள் ஒன்று இது: செல்வாக்கு மிக்க அரசியல்வாதி ஒருவர் குற்றக் கூண்டில் ஏறினால், கடைக்காரரும் கணக்கெழுத்தருமாகிய எழுவரைப் பணத்தாலோ அச்சத்தாலோ மடக்கிவிடலாம், கற்றறிந்த நீதிபதியை அவ்வாறு மடக்க இயலாது. இக்கூற்று எவ்வளவு உண்மை என்பதை ஆராய்வோம். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்க்கு இவ்வாராய்ச்சி வேண்டுவதே. எளியவன் விலைபோவான் என்னும் எண்ணம் இக்கூற்றின் அடியில் உறைகின்றது. அதனை ஆராயாமல் ஏற்றுக்கொண்டால், வகுப்பறையில் நாம் கற்பிக்கும் குடிமைப் பண்பு வெறுஞ் சொல்லாகிவிடும்.

இளங்கோவடிகள் காட்டும் இரு மன்றங்கள்

சிலப்பதிகாரம் கற்பிக்கும்போது நாம் வழக்குரை காதையில் நெடுநேரம் நிற்கிறோம்; கொலைக்களக் காதையை விரைந்து கடந்துவிடுகிறோம். இப்பொருளுக்கு வேண்டிய செய்தி கொலைக்களக் காதையிலேயே இருக்கின்றது.

அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன். அவன் அரசனிடம் சென்று கோவலனைக் கள்வன் என்கிறான். ஊடிச் சென்ற தேவியைத் தெளிவிக்க விரைந்துகொண்டிருந்த பாண்டியன் ஆராயாமல் ஆணையிடுகிறான். அவனுக்கு எவரும் பொருள் கொடுக்கவில்லை, அச்சுறுத்தவும் இல்லை. அணுகக்கூடிய நிலையில் இருந்த ஒருவன், தக்க நேரம் பார்த்து, தனியே ஒரு சொல் சொன்னான், அவ்வளவே. தனி ஒருவனாகிய நடுவன் இவ்வாறு வீழ்ந்தான்.

அடுத்து நிகழ்வது எண்ணத்தக்கது. ஆணையோடு சென்ற காவலர் கோவலனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்கின்றனர். அரசனுக்கு எழாத ஐயம் கூலிக்கு வேல் பிடித்தவர்க்கு எழுகின்றது! உடனே பொற்கொல்லன் கள்வர் கையாளும் எட்டு வகைத் துணைகளை விரித்துரைத்து அவர்களைக் கலக்குகிறான். அவர்கள் முடிவு காணுமுன், கல்லாத குடியன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

எளியோர் ஐயுற்றனர் என்பதை அடிகள் மறைக்கவில்லை. அந்த ஐயத்தைக் காக்கும் வேலி இல்லாமற் போனதே கேடு. வழக்கில் பயன் கருதும் ஒருவன் அவர்களோடு தனித்துப் பேசலாமா? எல்லோரும் உடன்படுமுன் ஒருவன் செயற்படலாமா? இவ்விரண்டையும் தடுக்கும் விதி அங்கே இருந்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். ஜூரரை அடைத்துவைத்துக் காப்பதும், ஒருமித்த முடிவோ வரையறுத்த பெரும்பான்மையோ வேண்டும் என்பதும் இத்தகைய கேட்டைத் தடுக்கப் பிறந்த விதிகளே.

புகழும் ஜூரரும்

புகழ்பெற்றவர்முன் ஜூரர் வளைவர் என்பது எப்போதும் மெய்யா? 1944இல் சென்னையில் பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் கொலையுண்டார். தமிழகம் தலைமேற் கொண்டாடிய எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் அவ்வழக்கில் கூண்டில் நின்றனர். 1945இல் ஜூரர் பெரும்பான்மையோர் அவர்களைக் குற்றவாளிகள் என்றனர். பிரிவி கவுன்சில் தலையிட்டு, 1947இல் அவ்விருவரும் விடுதலையாயினர். ஜூரர் தவறியிருக்கலாம், ஆயினும் புகழுக்கு அஞ்சித் தவறவில்லை.

மறுபக்கமும் உண்டு. 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கில் ஜூரர் எண்மர் குற்றமில்லை என்றனர், ஒருவரே மாறுபட்டார். அவரைத் தலைவனாகப் போற்றிய பத்திரிகைப் பரபரப்பு அந்நகரை நிறைத்திருந்தது. நீதிபதி அம்முடிவை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே தண்டனை கிடைத்தது. 1961இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஆகவே ஜூரர் எப்போதும் உறுதியானவர் என்றும் கூற முடியாது. எளியோர் என்பதால் வீழ்வர் என்பது பொய். வேலியின்றி விட்டால் யாரும் வீழலாம் என்பதே உண்மை.

கூண்டில் ஓர் அமைச்சர்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1982 ஏப்ரலில், பொதுத்தேர்தல் வேளையில், நெகிரி செம்பிலான் சட்டமன்றத் தலைவர் டத்தோ முகமது தாஹா தாலிப் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்பாடு, இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த டத்தோ மொக்தார் ஹாஷிம் அவ்வாண்டே கைதாகிக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டார். ஜூரி முறை அப்போது நாட்டில் இருந்தது. ஆயினும் இவ்வழக்கில் ஜூரர் அமரவில்லை. துப்பாக்கிக் குற்றங்களை 1975ஆம் ஆண்டின் பாதுகாப்பு வழக்கு விதிகளின்கீழ் நீதிபதி ஒருவரே விசாரிக்க அப்போது இடமிருந்தது. இவ்வழக்கும் அவ்வழியே நடந்தது. 1983 மார்ச்சில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1984இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1991இல் அவர் விடுதலை பெற்றார்.

இவ்வழக்கில் ஜூரரை மடக்க யாரும் முயலவில்லை. மடக்க ஜூரரே இல்லை. பதவியிலிருந்த அமைச்சர் ஒருவர்க்கு எதிராக ஒரு நீதிபதி அஞ்சாது தீர்ப்பளித்தார் என்பது நீதித்துறைக்குப் பெருமை. ஆனால் அப்பெருமை அந்த மனிதருக்குரியது. முறைக்கு உரியது என்று உடனே சொல்லிவிட முடியாது. எழுவரை அணுக ஏழு கதவுகளைத் தட்ட வேண்டும். ஒருவரை அணுக ஒரு கதவு போதும். மேலும், வழக்கு முடிந்தபின் ஜூரர் தம் கடைக்கும் தொழிலுக்கும் திரும்பிவிடுவர். நீதிபதிக்கோ உயர்வும் மாற்றமும் முன்னே நிற்கின்றன. ஜூரியை நீக்கியதால் ஆபத்து நீங்கவில்லை. அஃது இடம் மாறிற்று.

ஐவிரல் விரித்த கை

இவ்வாபத்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. அவை ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் குடவோலை முறையைக் கூறுகின்றன. கொலை வழக்குக்கான விதிகள் அல்ல அவை. எனினும் அவற்றின் கருத்து இங்கே பொருந்துகின்றது.

குடும்பு முப்பதிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பெறும். ஊரார் சிறியோரும் பெரியோருமாகக் கூடியிருக்கக் குடத்தை உயர்த்திக் காட்டுவர். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓலையை எடுப்பான். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும்! மடக்கிய கைக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் அன்றோ? வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவன் மைத்துனன், மருமகன், மாமன் முதலிய உறவினர்க்கும் இடமில்லை. உறுப்பினர் நல்லவராக இருப்பார் என்று நம்பி ஊரார் வாளாவிருக்கவில்லை. யாரும் வளைக்க இயலாதபடி முறையை அமைத்தனர்.

பிற நாட்டாரும் இவ்வழியே சென்றுள்ளனர். 1931இல் சிக்காகோவில் அல் கப்போன் வழக்குத் தொடங்கிய காலையில், நீதிபதி வில்கர்சன் ஜூரர் பட்டியலை மற்றொரு நீதிபதியின் பட்டியலோடு மாற்றிக்கொண்டார். முன்னரே பெயரறிந்து விரிக்கப்பட்ட வலை வீணாயிற்று. இங்கிலாந்தில் 1967 முதல் பன்னிருவருள் பதின்மர் உடன்பட்டால் போதும் என்றாயிற்று. ஒருவரை மட்டும் வாங்கி வழக்கை முடக்க முடியாமற் போயிற்று. ஜூரரை வளைக்கும் மெய்யான ஆபத்து இருந்தால் ஜூரி இன்றியே விசாரிக்கலாம் என 2003இல் சட்டம் வந்தது. அதன்படி முதல் வழக்கு 2010இல் நடந்தது. ஒரு வழக்கில் ஆபத்தை மெய்ப்பித்த பின்னரே அங்கே ஜூரி விலக்கப்படும். நாமோ எல்லா வழக்குகளிலும் விலக்கிவிட்டோம்.

இன்றைய வேலி

ஜூரியை மீட்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவன்று. ஒருவரே தீர்ப்பளிக்கும் முறையிலும் நல்ல வேலிகள் உள்ளன. ஜூரர் காரணம் கூறுவதில்லை. நீதிபதி எழுத்தில் காரணம் கூறியாக வேண்டும். அக்காரணத்தை மேல்மன்றங்கள் வரி வரியாக ஆராயலாம். முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கின் எஸ்.ஆர்.சி. வழக்கில் 2020 ஜூலை 28இல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டு மன்றம் 2021இலும், கூட்டரசு நீதிமன்றம் 2022 ஆகஸ்டு 23இலும் அதனை உறுதி செய்தன. அவ்வழக்கு 2018இல் முதலில் ஒப்படைக்கப்பட்ட நீதிபதியின் உடன்பிறந்தார், நஜிப்பின் கட்சியைச் சேர்ந்த பகாங் சட்டமன்ற உறுப்பினர் என்பது பற்றிப் பேச்செழுந்தது. பின்னர் வழக்கு வேறொரு நீதிபதியிடம் சென்றது. முன்னவர் மீது குற்றம் காண்பது நம் கருத்தன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்தரமேரூரார் கேட்ட உறவுக் கேள்வியே இன்றும் எழுகின்றது என்பதைக் காட்டவே இதனைக் கூறினோம்.

ஆதலின் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: பெரியோர் வழக்கு எந்த நீதிபதியிடம் செல்வது என்பதை யார், எம்முறையில் தீர்மானிக்கின்றனர்? அத்தீர்மானம் ஊரறிய நடக்கின்றதா? நீதிபதியின் உயர்வும் மாற்றமும் அரசியலார் கையில் உள்ளனவா? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்கும் நாட்டில் ஒருவர் தீர்ப்பும் நிற்கும். எழுவர் தீர்ப்பும் நிற்கும். விடை கிடைக்காத நாட்டில் இரண்டும் நில்லா.

தமிழாசிரியர்கள் கொலைக்களக் காதையை நடத்தும்போது, தயங்கிய அக்காவலர் பக்கத்தில் சிறிது நேரம் நிற்க வேண்டும். கல்வியும் பதவியும் இல்லாதவர் உள்ளத்திலும் நீதி தோன்றும் என்பதை மாணவர் அங்கே காண்பர். தோன்றிய நீதியைக் காக்க விதி வேண்டும் என்பதையும் அங்கேயே கற்பர்.