பிளந்ததால் வீழ்ந்ததா ரோம்?

"ரோம் ஏன் வீழ்ந்தது?" – வகுப்பிலே நான் கேட்ட கேள்வி. "இரண்டாகப் பிளந்ததால்!" என்றான் ஒரு மாணவன். "பிளவுபடாதிருந்தால்?" என்றேன். "அப்போதும் வீழ்ந்திருக்கும், விதி!" என்றான் மற்றொருவன். வரலாற்று வகுப்பிலுமா விதி!

அந்தச் சொல்லை விரட்டவல்ல ஏடு ஒன்று உண்டு. எட்வர்டு கிப்பன் தீட்டிய 'ரோமப் பேரரசின் தளர்வும் வீழ்ச்சியும்'. முதல் தொகுதி 1776-இல். இறுதி மூன்று தொகுதிகள் 1788-இல். தேவனின் திருவுளம் என்று பிறர் கைகூப்பிய இடத்திலே, காரணம் யாது என்று கேட்டவர் கிப்பன். கிறித்துவம் பரவியதற்கும் மனிதக் காரணங்களைத் தேடினார். கண்டனக் கணைகள் பாய்ந்தன. 1779-இல் மறுப்புரை எழுதினாரேயன்றி, மண்டியிட்டாரில்லை.

395-இல் மிலான் நகரில் தியோடோசியஸ் மறைந்தார். கிழக்கு, மூத்த மகன் ஆர்க்கேடியசுக்கு. மேற்கு, பத்து வயதுப் பாலகன் ஒனோரியசுக்கு! பேரரசென்ன, பாட்டன் தேடிய புன்செயா, பாகம் பிரிக்க? ஆற்றலை நோக்கியா அரியணை அளித்தனர்? பிறப்பை நோக்கியன்றோ!

எனினும், பிரிவே சாவு அன்று. 286-லேயே டயோக்ளீசியன் ஆட்சியைப் பகிர்ந்தளித்தார். பேரரசு அன்று மடிந்துவிடவில்லை. கான்ஸ்டாண்டிநோபிள் மேற்கைக் கெடுத்ததைவிடக் கிழக்கைக் காத்ததே மிகுதி என்று கிப்பனே ஒப்புகிறார். மேற்கின் உயிர்நாடி அறுந்தது 439-இல். வாண்டலர் கார்த்தேஜைக் கவர்ந்தனர். ஆப்பிரிக்கத் தானியம் போயிற்று, வரி போயிற்று. வரியின்றிப் படை ஏது? 468-இல் கிழக்கு பெருங்கப்பற்படையை அனுப்பி மேற்குக்குக் கைகொடுத்தது. கெய்செரிக் ஏவிய தீப்படகுகள் அதனை எரித்தன. அன்று அக்கப்பல்கள் வென்றிருந்தால், 476-இல் ரோமுலஸ் அகஸ்துலஸ் முடியிழந்திருப்பானா? உறுதி கூற இயலாது. ஆனால் கேட்கத் தக்க கேள்வி அதுதான்.

கிப்பனிடம் குறையும் உண்டு. ஜஸ்டீனியனின் சட்டத் தொகுப்பை 44ஆம் அதிகாரத்திலே சீராட்டிய அதே எழுதுகோல், 1453 வரை நிமிர்ந்து நின்ற கிழக்கின் நெடுவாழ்வை நீண்டதொரு நோயாகவே காட்டுகிறது. ஆயிரம் ஆண்டு வாழ்ந்தவனை, பிறந்த நாள் முதல் செத்துக்கொண்டிருந்தான் என்பதா? அதுவும் விதியின் மறுபெயரன்றோ!

ஆகவே தோழர்களே, கிப்பனைப் படியுங்கள். கிப்பன் கற்பித்த கேள்வியைக் கிப்பனிடமே கேளுங்கள். மறுநாள் நான் கரும்பலகையில் 395 என்று எழுதவில்லை. 439, 468 என்றெழுதினேன். விதி என்ற மாணவனே முதலில் கை தூக்கினான்: "ஐயா, கப்பல்களை ஏன் காக்கவில்லை?"

வரலாறு அன்றுதான் வகுப்புக்குள் நுழைந்தது.